மிஞ்சிய ஸ்டிக்கர்

மஸ்கட்டிலிருந்து பெட்டிகள் வந்த அன்று
சொஹாரில் மணற்காற்று.
பற்களுக்கிடையே நறநறக்க
ஏழு வரை எண்ணினேன்.
முத்திரை எதுவும் உடையவில்லையென்று
நானும் துணை முதல்வரும்
தனித்தனியாகக் கையெழுத்திட்டோம்.

அலமாரிக்கு இரண்டு சாவி.
ஒன்று அவர் கைப்பையில்,
மற்றது என் அடையாள அட்டைக் கயிற்றில்.
நான்கு நாள், குளிக்கும்போதும் கழற்றவில்லை.
"தங்கத்தைக்கூட நீ இப்படிக் காத்ததில்ல"
என்றார் வீட்டுக்காரர்.
தங்கத்தை எடுத்துப் பார்க்கலாம்.
இதைப் பிரித்தால் விசா போகும்.

ஒரு விடைத்தாளுக்கு ஒரு பார்கோடு ஸ்டிக்கர்.
ஐந்தாம் வகுப்பு சி பிரிவில்
ஸ்டிக்கர் முப்பத்தொன்று, பிள்ளைகள் முப்பது.
நிவாஷினி எட்வின் மிஞ்சினாள்.
அக்டோபரில் பெயர் கொடுத்தபோது இருந்தாள்.
ஜனவரியில் உருக்காலைக் கான்ட்ராக்ட் முடிந்து
குடும்பத்தோடு தூத்துக்குடிக்கு
ஒருவழி டிக்கெட்.
விதி பதினொன்று:
மிஞ்சியதை ஒட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது,
உறையிலிட்டுத் திருப்பி அனுப்பவும்.
நாக்கால் நனைத்து உறையை மூடினேன்.

தேர்வன்று ஏசி மட்டும் பேசியது.
மூன்றாம் வரிசைப் பையன் கை தூக்கினான்.
பழத்தோட்டம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில்
விரலை வைத்து,
"மிஸ், இது என்ன?"
விளக்கக் கூடாது, விதி ஆறு.
"திரும்ப வாசி" என்றேன்.
திரும்ப வாசித்தான்.
சொல் அப்படியே இருந்தது.

மே மாதம், வியாழன், மதியம் இரண்டு மணி.
ஒரே பொத்தானில்
ஆயிரத்து நூற்று நாற்பது கைபேசிகள்.
எங்கெங்கே அதிர்ந்திருக்கும்?
துறைமுகத்தில், சலவைக்கடைப் பின்கட்டில்,
லூலுவின் மீன் பகுதியில்,
ஆஸ்பத்திரி இரவுப்பணி முடிந்து
திரைபோட்டுத் தூங்கும் ஒரு தாயின் தலையணையடியில்.

ஞாயிறு காலை வடிவழகன் வந்தார்.
கிரேன் ஓட்டுகிறவர், ஹெல்மெட் கக்கத்தில்.
"நூத்துக்குப் பன்னெண்டா மேடம்?"
மார்க் இல்லை, பர்சன்டைல் என்றேன்.
நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால்
உங்கள் மகனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேர்.
முன்னால் நிற்பவர்களை அவர் கேட்கவில்லை.
"அந்தப் பன்னெண்டு பேருக்கும் அப்பா இருப்பாங்கல்ல?"
இருப்பார்கள்.
"அவங்களுக்கும் இதே தாள்தானா?"
இதே தாள்தான்.
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
கதவருகே திரும்பினார்.
"நாப்பது டன் கன்டெய்னர்,
ஒரு சாண் விலகினாலே அங்க அலாரம் அடிக்கும்.
பிப்ரவரியில எழுதினதுக்கு
மே மாசம் அடிக்கிறீங்களே."
பதில் சொல்ல என்னிடம் விதி இல்லை.

சராசரி போன ஆண்டைவிட இரண்டு கூடுதல்.
முகப்பில் பதாகை கட்டினார்கள்,
காற்று அதன் ஒரு மூலையை அவிழ்த்தது.
என் பட்டியலில் மட்டும்
சென்று சேராத செய்தி ஒன்று,
எட்வினின் பழைய ஓமான் எண்ணுக்கு:
உங்கள் பிள்ளை தேர்வில் பங்கேற்கவில்லை.
மாதம் ஒருமுறை மறுபடி அனுப்பணும்,
அதுவும் விதிதான்.
ஜூனில் அனுப்பினேன். ஜூலையில்
ஊரில் மாமியார் வீட்டு மொட்டைமாடியில் நின்று
சிக்னல் தேடி அனுப்பினேன்.

செப்டம்பரில் சேர்ந்துவிட்டது.
அந்த எண் வேறு யாருக்கோ போயிருக்கிறது.
அரபியில் பதில் வந்தது;
அலுவலகத்து சுலைமா படித்துச் சொன்னாள்:
"சகோதரி, எனக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை.
அந்தப் பிள்ளை நலமா?"

படிவத்தில் இரண்டே கட்டம்,
சேர்ந்தது, சேரவில்லை.
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்,
அடுத்த ஆண்டுக்கான பெயர்ப்பட்டியலை
ஐந்து மணிக்குள் கேட்டிருந்தார்கள்.